கமெண்ட் விழுந்ததும் கைபேசி ஒலிக்க: வேலூர்க் கடைகளுக்கு வெப்ஹுக் அமைக்கும் முறை

காந்தி ரோட்டு லாட்ஜ் ஒன்றுக்கு இரவு பதினொரு மணிக்கு மெசஞ்சரில் வங்காள மொழியில் ஒரு கேள்வி வருகிறது: நாளை விடியற்காலை காட்பாடியில் இறங்குகிறோம், சிஎம்சி மருத்துவமனைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் தங்க அறை கிடைக்குமா? காலை ஒன்பது மணிக்கு யாராவது பேஜைத் திறந்து பார்ப்பதற்குள் அந்தக் குடும்பம் வேறு லாட்ஜில் பையை இறக்கியிருக்கும். ஆரணிப் பட்டுக் கடையின் இன்ஸ்டாகிராம் படத்துக்குக் கீழே "விலை என்ன?" என்று விழும் கமெண்டுக்கும் இதே கதிதான். மெசஞ்சரிலும் வாட்ஸ்அப் பிசினஸ் தளத்திலும் ஏபிஐ (புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு) வழியாகத் தடையின்றிப் பதில் எழுத, வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம்தான் அவகாசம். அதனால் செய்தி வந்தது உடனே தெரிந்தாக வேண்டும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏபிஐயை அழைத்து "ஏதாவது வந்ததா" என்று கேட்கும் ஸ்கிரிப்ட் எழுதலாம். ஆனால் பத்துக்கு ஒன்பது முறை "இல்லை" என்ற பதிலுக்காகவே அழைப்பு வரம்பு கரையும். அப்போதும் ஐந்து நிமிடத் தாமதம் போகாது. வெப்ஹுக்கில் வேலை தலைகீழ்: நிகழ்வு நடந்தவுடன் ஃபேஸ்புக்கே உங்கள் சர்வரில் நீங்கள் சொன்ன முகவரிக்கு ஒரு போஸ்ட் கோரிக்கை (தகவலைச் சுமந்து வரும் இணையக் கோரிக்கை) அனுப்பும். அமைப்பது ஒரு மாலை வேலை. ஃபேஸ்புக்கின் டெவலப்பர் டாஷ்போர்டில் பச்சைக் குறி வந்ததும் முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். அமைப்பு கெடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். எனவே இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிக்கே அதிக இடம் தந்திருக்கிறோம். புலப் பெயர்களை (கோடில் வரும் ஃபீல்டு பெயர்களை) இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம். கோடில், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் ஆவணத்தில் உள்ளபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

சர்வரும் சான்றிதழும்

கடையின் பில்லிங் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். கத்திரி வெயிலில் மேசைக்கடியில் கிடக்கும் சிபியு, மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுக்க நிற்கும் மின்சாரம், வெளியிலிருந்து யாரும் நேராக எட்ட முடியாத பிராட்பேண்ட் ஐபி என்று மூன்று தடைகள் இருக்கின்றன. 1 ஜிபி ரேம் உள்ள ஒரு சிறு விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) போதும். இயங்குதளத்துக்கு உபுண்டு, வெப் சர்வராக என்ஜின்எக்ஸ், புரோகிராம் எழுத பைதான் அல்லது நோட் அல்லது பிஎச்பி. உங்களுக்குக் கைவந்தது எதுவோ அது. கூடவே ஒரு டொமைன், அதில் வெப்ஹுக்குக்கென்று தனி சப்டொமைன். கடை வலைத்தளத்தின் வேர்ட்பிரஸோடு இதைக் கலக்காதீர்கள். அங்குள்ள பாதுகாப்பு ப்ளகின் ஒருநாள் ஃபேஸ்புக்கின் கோரிக்கையையே ரோபோ என்று 403 (அனுமதி இல்லை) காட்டித் திருப்பி அனுப்பும்.

எச்டிடிபிஎஸ் கட்டாயம். நாமே கையெழுத்திட்ட சான்றிதழை மெட்டா ஏற்காது. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழை சர்ட்பாட் என்ற புரோகிராம் மூலம் இலவசமாகப் பெறலாம். இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. சர்ட்பாட் தரும் கோப்புகளில் "சர்ட்" என்று தொடங்குவதை என்ஜின்எக்ஸில் கொடுத்தால் இடைநிலைச் சான்றிதழ் (உங்கள் சான்றிதழை அதை வழங்கியவரோடு இணைப்பது) விடுபட்டுப்போகும். உங்கள் குரோமில் பூட்டுக் குறி ஒழுங்காகத் தெரியும், ஏனென்றால் விடுபட்டதை பிரவுசர் தானே தேடி எடுத்துக்கொள்ளும். மெட்டாவின் சர்வர் அப்படித் தேடாது, சரிபார்ப்பு தோற்கும். எனவே "ஃபுல்செயின்" கோப்பைத்தான் கொடுக்க வேண்டும். அடுத்தது புதுப்பித்தல். சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். எச்டிடிபி வழியில் புதுப்பிக்க 80-ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். "எச்டிடிபிஎஸ் தான் இருக்கிறதே" என்று ஃபயர்வாலில் அதை மூடிவிட்டால் மூன்று மாதத்தில் ஒரு காலை எல்லாம் நின்றுபோயிருக்கும். காலாவதி எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்புவதை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. யாரும் சொல்ல மாட்டார்கள். நிறுவிய அன்றே சர்ட்பாட்டின் "ட்ரை-ரன்" (ஒத்திகை) ஓட்டி, புதுப்பித்தல் நடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

முதல் கைகுலுக்கல்

மெட்டா டெவலப்பர் தளத்தில் பிசினஸ் வகையில் ஒரு ஆப் உருவாக்கி, வெப்ஹுக்ஸ் பகுதியைச் சேருங்கள். அங்கே இரண்டு பெட்டிகள்: கால்பேக் முகவரி, வெரிஃபை டோக்கன். டோக்கன் என்பது நீங்களாகவே உருவாக்கும் ஒரு நீண்ட ரகசியச் சொல். சேமிக்கும் பொத்தானை அழுத்தியவுடன் உங்கள் முகவரிக்கு ஒரு கெட் கோரிக்கை (தகவல் கேட்கும் கோரிக்கை) வரும். அதில் மூன்று அளவுருக்கள்: ஹப்.மோட், ஹப்.வெரிஃபை_டோக்கன், ஹப்.சேலஞ்ச். மோட் "சப்ஸ்க்ரைப்" என்றிருக்கிறதா, டோக்கன் உங்களுடையதுதானா என்று பார்த்து, சேலஞ்சில் வந்ததை அப்படியே, வேறெதுவும் ஒட்டாமல், 200 (சரி) என்ற நிலையோடு திருப்பி அனுப்ப வேண்டும். டோக்கன் பொருந்தாவிட்டால் 403.

இங்கே தோற்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தோற்கிறார்கள்: சேலஞ்சை ஜேசன் (தரவை எழுதும் ஒரு வடிவம்) ஆக்கி மேற்கோள்குறியோடு அனுப்புவது, கோப்பின் தலையில் ஒரு வெற்று வரி இருந்து அதுவும் பதிலோடு போவது, முகவரியின் கடைசியில் சாய்கோடு இல்லாததால் சர்வர் 301 கொடுத்து வேறிடத்துக்கு அனுப்புவது. பிஎச்பியில் இன்னொன்று சேரும்: அளவுருப் பெயரில் உள்ள புள்ளியை பிஎச்பி அடிக்கோடாக மாற்றிவிடும். ஹப்.சேலஞ்ச் என்று தேடினால் கிடைக்காது, ஹப்_சேலஞ்ச் என்று தேட வேண்டும்.

சோதனைக்கு லேப்டாப்பிலிருந்தே ஓட்ட நினைத்தால் அதை வெளியிலிருந்து எட்ட வழி தரும் என்கிராக் அல்லது க்ளவுட்ஃப்ளேர் டனல் உதவும். கணக்கில்லாமல் திறக்கும் தற்காலிக டனலின் முகவரி ஒவ்வொரு முறையும் மாறும், அப்போதெல்லாம் டாஷ்போர்டிலும் மாற்ற வேண்டும். சோதனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சந்தா இரண்டு இடத்தில்

"வெரிஃபை ஆகிவிட்டது, டெஸ்ட் பொத்தானும் வேலை செய்கிறது, ஆனால் உண்மையான கமெண்ட் எதுவும் வரவில்லை." இந்தப் புகாருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். டாஷ்போர்டில் "ஃபீட்", "மெசேஜஸ்" போன்ற புலங்களுக்குச் சந்தா கட்டுவது (பணம் அல்ல, அறிவிப்பு வேண்டும் என்று பதிவு செய்வது) ஆப்புக்கு. உங்கள் பேஜும் அந்த ஆப்பை ஏற்க வேண்டும். அதற்குப் பேஜ் ஐடியின் கீழ் சப்ஸ்க்ரைப்ட்_ஆப்ஸ் என்ற முனைக்கு (ஏபிஐ முகவரிக்கு), பேஜ் டோக்கனோடு (பேஜின் சார்பில் ஏபிஐயை அழைக்க மெட்டா தரும் சாவியோடு), வேண்டிய புலங்களை எழுதி ஒரு போஸ்ட் அனுப்ப வேண்டும். பேஜஸ்_மேனேஜ்_மெட்டாடேட்டா அனுமதி இல்லாமல் இது நடக்காது. மெசேஜ்களுக்கு பேஜஸ்_மெசேஜிங் அனுமதியும் வேண்டும். அனுப்பியபின் அதே முனையை கெட் செய்து பாருங்கள்: உங்கள் ஆப்பின் பெயரும் புலங்களும் பட்டியலில் இருந்தால்தான் சந்தா உண்மை. வாட்ஸ்அப்பிலும் பிசினஸ் கணக்கு ஐடியின் கீழ் இதே பெயரில் முனை இருக்கிறது.

பேஜ் டோக்கனை 60 நாள் யூசர் டோக்கனிலிருந்து எடுத்தால் அதற்குக் காலாவதித் தேதி கிடையாது. ஆனால் அந்த யூசர் பாஸ்வேர்டை மாற்றினால் டோக்கன் செத்துவிடும். கடை முதலாளியின் மகன் கணக்கில் எல்லாம் கட்டி வைக்காமல், பிசினஸ் மேனேஜரில் ஒரு சிஸ்டம் யூசர் உருவாக்கி அதன் டோக்கனைப் பயன்படுத்துவது நல்லது.

இன்ஸ்டாகிராமுக்குக் கணக்கு பிசினஸ் அல்லது கிரியேட்டர் வகையில் இருக்க வேண்டும். பூட்டிய (பிரைவேட்) கணக்குக்குக் கமெண்ட் அறிவிப்பு வராது. கமெண்ட் புலத்துக்கு ஆப் வெளியிடப்பட்டிருப்பதோடு அட்வான்ஸ்டு ஆக்சஸும் வேண்டும், அதாவது ஆப் ரிவ்யூவும் நிறுவனச் சரிபார்ப்பும். ஜிஎஸ்டி சான்றிதழில் ஒரு பெயர், போர்டில் ஒரு பெயர், பிசினஸ் மேனேஜரில் மூன்றாவது எழுத்துக்கூட்டல் என்று இருந்தால் திரும்பத் திரும்ப நிராகரிப்பார்கள். சான்றிதழில் உள்ள பெயரையே, புள்ளி மாறாமல், பிசினஸ் மேனேஜரில் எழுதுங்கள். ஆப் டெவலப்மென்ட் நிலையில் இருக்கும்வரை வாடிக்கையாளர் நிகழ்வுகள் வராது; அது பழுது அல்ல.

கையெழுத்து: தமிழில் மட்டும் உடையும் இடம்

கால்பேக் முகவரி தெரிந்த யாரும் போலிக் கமெண்டை அனுப்பலாம். அதைத் தடுக்க ஒவ்வொரு போஸ்டிலும் எக்ஸ்-ஹப்-சிக்னேச்சர்-256 என்ற தலைப்பு (ஹெடர்) வரும். செய்தியின் உடலை ஆப் சீக்ரெட் (ஆப்புக்கு மெட்டா தரும் ரகசியச் சாவி) கொண்டு எச்மேக் ஷா-256 என்ற முறையில் ஒரு சுருக்கக் குறியாக்கி, முன்னால் "ஷா256=" சேர்த்து அனுப்புகிறார்கள். நீங்களும் அதையே கணக்கிட்டு ஒப்பிட வேண்டும்.

இதில் ஒரு பிழை தமிழ்க் கடைகளை மட்டும் குறிபார்த்து அடிக்கும். புரோகிராமர் ஆங்கிலத்தில் "ப்ரைஸ்" என்று ஒரு சின்ன கமெண்ட் போட்டுச் சோதிப்பார், கையெழுத்து பொருந்தும். மறுநாள் வாடிக்கையாளர் தமிழில் எழுதுவார்; பொருந்தாது. காரணம், ஆங்கிலமல்லாத எழுத்துகளை ஃபேஸ்புக் நேரடியாக அனுப்புவதில்லை. ஒவ்வொன்றையும் பின்சாய்கோடு, யு என்ற எழுத்து, நான்கு பதினாறடிமான இலக்கங்கள் என்று ஆறு எழுத்தாக மாற்றி அனுப்புகிறது. "வேலூர்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வ, ஏகாரக் குறி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஆறு யூனிகோடு அலகுகள். வழக்கமான எழுத்துக் குறியீட்டு முறையான யுடிஎஃப்-8இல் அது 18 பைட். ஃபேஸ்புக் அனுப்பும் வடிவத்தில் 36 பைட். கையெழுத்து போடப்பட்டது அந்த 36 பைட்டின் மேல். நோடில் பயன்படும் எக்ஸ்பிரஸ் கட்டமைப்பு முதலில் ஜேசனைப் பிரித்துக் கையில் கொடுத்து, நீங்கள் அதை மீண்டும் சரமாக்கிக் கணக்கிட்டால் 18 பைட்டின் மேல் கணக்கிடுகிறீர்கள். எப்படிப் பொருந்தும்? லாட்ஜுக்கு வரும் வங்காளச் செய்திக்கும் இதுதான் நடக்கும்.

பரிகாரம் எளிது: பிரிப்பதற்கு முன், வந்த பைட்களை வந்தபடியே எடுத்துக் கணக்கிடுங்கள். எக்ஸ்பிரஸில் எக்ஸ்பிரஸ்.ஜேசனுக்கு "வெரிஃபை" செயல்பாடு கொடுத்தால் மூல பஃபர் கிடைக்கும். பைதான் கட்டமைப்புகளான ஃபிளாஸ்கில் கெட்_டேட்டா, ஜாங்கோவில் ரிக்வெஸ்ட்.பாடி, பிஎச்பியில் இன்புட் ஸ்ட்ரீமை நேராகப் படிப்பது. ஒப்பிடும்போது சாதாரண சமக்குறி வேண்டாம். பைதானின் கம்பேர்_டைஜஸ்ட், பிஎச்பியின் ஹாஷ்_ஈக்வல்ஸ், நோடின் டைமிங்சேஃப்ஈக்வல் இதற்கென்றே இருக்கின்றன. "பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை" என்று சரிபார்க்கும் வரிகளை அணைத்துவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தானாகப் பதில் சொல்லும் அமைப்பில் அது வாசலைத் திறந்துவைத்துவிட்டு உறங்குவதாகும். வெளியிடும் முன் தமிழிலும், இதயக்குறியோடும், ஒரு வலை முகவரியோடும் கமெண்ட் போட்டுச் சோதியுங்கள்.

முதலில் 200, வேலை அப்புறம்

கோரிக்கை வந்ததும் கையெழுத்தைப் பாருங்கள், மூலச் செய்தியைத் தரவுத்தள அட்டவணையில் எழுதுங்கள், 200 சொல்லி அனுப்பிவிடுங்கள். பெயரைத் தேடுவது, பதில் எழுதுவது, டெலிகிராமுக்கு அனுப்புவது எல்லாம் தனியாக ஓடும் வொர்க்கர் என்ற இன்னொரு புரோகிராமின் வேலை. அந்த வேலைகளை முடித்துவிட்டு 200 சொல்ல நினைத்தால், டெலிகிராம் மெதுவாகும் நாளில் மெட்டா காத்திருந்து அலுத்து, தோல்வி என்று எழுதிக்கொள்ளும். உடனே ஒருமுறை, பிறகு 36 மணி நேரத்துக்குள் இடைவெளி கூடக்கூட இன்னும் சில முறை அனுப்பிப் பார்க்கும். அப்புறம் செய்தியைக் கைவிட்டுவிடும். வாட்ஸ்அப் 7 நாள் வரை முயலும். மெசஞ்சரில் ஒரு மணி நேரம் தொடர்ந்து தோற்றால் பேஜின் சந்தாவே ரத்தாகும். சர்வரைச் சரிசெய்தால் மட்டும் போதாது, மீண்டும் சந்தா கட்ட வேண்டும்.

மறுமுயற்சி இருப்பதால் ஒரே கமெண்ட் இரண்டு முறை வருவது இயல்பு. கமெண்ட் ஐடியை அல்லது மெசேஜ் ஐடியைத் தனித்துவச் சாவியாக வைத்து, ஏற்கெனவே இருந்தால் சும்மா விட்டுவிடும் இன்சர்ட்டை (அட்டவணையில் சேர்க்கும் கட்டளையை) பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி ஒன்றுக்கே "சென்ட்", "டெலிவர்ட்", "ரீட்" என்று மூன்று நிலைச்செய்திகள் வரும், அவற்றின் ஐடி ஒன்றே. அங்கே ஐடியோடு நிலையையும் சேர்த்துச் சாவியாக்க வேண்டும். ஒரே போஸ்டுக்குள் 1,000 நிகழ்வுகள் வரை சேர்ந்து வரலாம், எனவே என்ட்ரி பட்டியலின் முதல் உறுப்பை மட்டும் படிக்கும் கோடு எழுதாதீர்கள். ஆம்பூர் பிரியாணிக் கடை ஞாயிற்றுக்கிழமை மதியம் சலுகை அறிவித்தால் இது நிஜமாகவே நடக்கும்.

தரவுத்தளமாக மைஎஸ்க்யூஎல் வைத்திருந்தால் அட்டவணையின் எழுத்து வகை யுடிஎஃப்8எம்பி4 தானா என்று பாருங்கள். பழைய யுடிஎஃப்8 வகை ஓர் எழுத்துக்கு 3 பைட்தான் தாங்கும். தமிழ் எழுத்து 3 பைட்டில் அடங்கிவிடுவதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். இதயக்கண் பொம்மை 4 பைட். அது வந்தவுடன் இன்சர்ட் தோற்று, சர்வர் 500 (உள்பிழை) சொல்லி, அதே கமெண்ட் 36 மணி நேரமும் திரும்பத் திரும்ப வந்து தோற்றுக்கொண்டிருக்கும்.

நேரமும் கவனிக்க வேண்டியது. பேஜ் ஃபீடில் வருவது யூனிக்ஸ் வினாடி (1970 தொடக்கத்திலிருந்து எண்ணுவது), மெசஞ்சரில் மில்லிவினாடி. மில்லிவினாடியை வினாடியாகப் படித்தால் தேதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தள்ளிப்போகும், வினாடியை மில்லிவினாடியாகப் படித்தால் 1970-க்கே திரும்பிவிடும். இரண்டுமே யுடிசி (உலகப் பொது நேரம்), திரையில் காட்டும்போது மட்டும் 5:30 கூட்டுங்கள்.

எதை உள்ளே விடுவது, எதைத் தள்ளுவது

"ஃபீட்" புலம் கமெண்டை மட்டும் தராது; லைக், ஷேர், உங்கள் சொந்தப் பதிவு, திருத்தம், நீக்கம் எல்லாம் அதில்தான் வரும். தீபாவளிப் பட்டுப் பதிவுக்கு விழும் லைக் ஒவ்வொன்றுக்கும் கைபேசி ஒலித்தால் இரண்டாம் நாளே கடைப்பையன் மியூட் செய்துவிடுவான், அத்தோடு அறிவிப்பு செத்தது. ஐட்டம் "கமெண்ட்", வெர்ப் "ஆட்" என்று இருப்பதை மட்டும் உள்ளே விடுங்கள்.

தானியங்கிப் பதில் வைத்திருந்தால் மிக முக்கியமான ஒரு வடிகட்டி: அனுப்பியவர் ஐடி உங்கள் பேஜ் ஐடியாகவே இருந்தால் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பதிலும் ஒரு கமெண்டாகத் திரும்பி வரும், அதற்கும் பதில் போகும், அந்தப் பதிலும் திரும்பி வரும். சில நிமிடங்களில் பேஜுக்குத் தற்காலிகத் தடை விழக்கூடும். மெசஞ்சரில் இதே வேலையை இஸ்_எக்கோ என்ற குறி செய்கிறது.

கைபேசிக்கு அனுப்ப டெலிகிராம் பாட் எளிது. பாட்ஃபாதரிடம் டோக்கன் வாங்கி, கடைக்காரர்கள் உள்ள குழுவில் பாட்டைச் சேர்த்து, குழுவின் சாட் ஐடிக்கு சென்ட்மெசேஜ் அனுப்பினால் ஆயிற்று. குழு ஐடி மைனஸ் குறியோடு தொடங்கும். சாதாரணக் குழு சூப்பர்குரூப்பாக மாறினால் ஐடியும் மாறிவிடும், அன்று அனுப்புவதெல்லாம் பிழையில் முடியும். ஒரு குழுவுக்கு நிமிடத்துக்கு 20 செய்திக்கு மேல் தாங்காது, எனவே கூட்டமாக வரும்போது வொர்க்கர் "இந்த நிமிடத்தில் 14 கமெண்ட்" என்று ஒரே செய்தியாகச் சேர்த்து அனுப்பட்டும்.

லாட்ஜுகளுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற செய்திகளில் நோயின் பெயர், பரிசோதனை அறிக்கையின் படம், நோயாளியின் எண் எல்லாம் இருக்கும். அவற்றைப் பத்துப் பேர் உள்ள குழுவில் கொட்டக் கூடாது. "புதிய மெசேஜ் வந்துள்ளது" என்ற வரியும் இன்பாக்ஸ் இணைப்பும் போதும். மூலச் செய்தி அட்டவணையை 30 நாளுக்கு ஒருமுறை துடைத்துவிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவை முடிந்த தரவை அழிக்கச் சொல்கிறது.

எதுவும் வராவிட்டால்

முதலில் என்ஜின்எக்ஸின் ஆக்சஸ் லாகை (வந்த கோரிக்கைகளின் பதிவேட்டை) பாருங்கள். போஸ்ட் வரியே இல்லையென்றால் கோளாறு மெட்டா பக்கத்து அமைப்பில்: பேஜ் சந்தா, அனுமதி, ஆப்பின் நிலை. வரி இருந்து எண் 200 இல்லையென்றால் கோளாறு உங்கள் பக்கம். 403 என்றால் ஜாங்கோவின் சிஎஸ்ஆர்எஃப் காவல் (வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கைகளைத் தடுப்பது) அல்லது க்ளவுட்ஃப்ளேரின் ரோபோ தடுப்பு. 419 என்றால் பிஎச்பி கட்டமைப்பான லாராவெலின் சிஎஸ்ஆர்எஃப். சிஎஸ்ஆர்எஃப் காவல் கெட் கோரிக்கையைத் தொடாது, அதனால்தான் சரிபார்ப்பு மட்டும் வெற்றியாகி ஏமாற்றும். வெப்ஹுக் பாதைக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். 301 அல்லது 302 என்றால் முகவரியின் கடைசியில் விடுபட்ட சாய்கோடு. 502 என்றால் என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் உள்ள புரோகிராம் விழுந்து கிடக்கிறது. அதை உபுண்டுவின் சேவை நிர்வாகியான சிஸ்டம்டியின் கீழ், விழுந்தால் தானே எழும்படி வையுங்கள்.

200 இருந்தும் அறிவிப்பு இல்லையென்றால் வடிகட்டி. டாஷ்போர்டின் டெஸ்ட் பொத்தான் அனுப்பும் மாதிரியில் பேஜ் ஐடி 0 என்றிருக்கும். உங்கள் கோடு சொந்த ஐடியை மட்டும் ஏற்பதாக இருந்தால் மாதிரி மௌனமாகக் கீழே போகும்.

யூடியூப் சேனலுக்கு முறை வேறு. கூகுளின் பப்சப்ஹப்பப் என்ற அறிவிப்பு மையத்தில் சேனல் ஐடி உள்ள ஃபீடுக்குச் சந்தா கட்ட வேண்டும். வருவது ஜேசன் அல்ல, ஆட்டம் எக்ஸ்எம்எல். புதிய வீடியோ, தலைப்பு மாற்றம், விவரக்குறிப்பு மாற்றம் ஆகியவற்றைச் சொல்லும்; கமெண்ட் வராது. சந்தா தானாக முடிந்துபோகும். சரிபார்ப்புக் கோரிக்கையிலேயே ஹப்.லீஸ்_செகண்ட்ஸ் என்று ஆயுளைச் சொல்லிவிடுவார்கள், அது தீருமுன் க்ரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கருவி) வைத்துப் புதுப்பிக்க வேண்டும்.

சர்வர் இரண்டு நாள் படுத்துவிட்டால் 36 மணி நேரம் தாண்டிய ஃபேஸ்புக் நிகழ்வுகளை யாரும் திரும்ப அனுப்ப மாட்டார்கள். எனவே வொர்க்கருக்குள் இன்னொரு சிறு வேலையும் இருக்கட்டும்: தினமும் அதிகாலை மூன்று மணிக்கு கிராஃப் ஏபிஐ (ஃபேஸ்புக்கின் தரவைக் கேட்டுப் பெறும் ஏபிஐ) மூலம் கடைசி மூன்று நாள் பதிவுகளின் கமெண்ட்களைப் படித்து, அட்டவணையில் இல்லாத ஐடிகளைச் சேர்ப்பது. தனித்துவச் சாவி ஏற்கெனவே இருப்பதால் இரட்டிப்பு பயம் இல்லை. இந்த ஓட்டத்தில் புதிதாக ஐந்துக்கு மேல் ஐடிகள் கிடைத்தால் அதையும் டெலிகிராமில் எச்சரிக்கையாக அனுப்பச் செய்யுங்கள். வெப்ஹுக் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம், அன்றே ஆக்சஸ் லாகைத் திறந்து பார்க்க வேண்டும்.